சைபர் காட்டாத பெட்டி

எங்கள் தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காந்தம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தம். சாப்பிடும்போதுகூட அது மார்பில்தான் கிடக்கும். எவன் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, இந்தப் பக்கம். ஒட்டாவிட்டால் பித்தளையோ செம்போ அலுமினியமோ, அந்தப் பக்கம். இந்த இரண்டு பக்கத்துக்கு வெளியே உலகத்தில் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. மனிதர்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார். நான் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை, கேட்கப் பயம்.

அவர் கடைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. பகல் முழுக்க அவர் ஆட்கள் தகரத்தை மிதித்து நசுக்குகிற சத்தமும், காஸ் கட்டர் சீறுகிற சத்தமும் சுவரைத் தாண்டி வரும். மதியம் சாப்பாட்டு வாசனை வரும். நானும் எழுந்து போய்விடுவேன். சுமை ஏற்றுகிற ஆட்களுக்கெல்லாம் அவர் மனைவிதான் சமைத்துப் போடுவார். ஒற்றை ஆள், எதற்குத் தனியாகப் பொங்கித் தின்கிறாய் என்று என்னையும் அந்தப் பந்தியில் சேர்த்துவிட்டார். அவரை அக்கா என்பேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வீட்டில் கடையில் போய் வாங்கிய சாமான் என்று எதையும் காட்ட முடியாது. எடைக்கு வருகிறதில் உருப்படியாக இருப்பது நேரே வீட்டுக்குள் போய்விடும். அது அந்தக் குடும்பத்துப் பழக்கம். உட்காருகிற நாற்காலிகள் மூடிப்போன சினிமாக் கொட்டகையுடையவை. துணி வைக்கிற இரும்பு அலமாரி ஏதோ ஆஸ்பத்திரியில் மருந்து வைத்திருந்தது. கூடத்துக் கடிகாரம் ஒரு கப்பலில் ஓடியது, இருட்டில் அதன் முள் பச்சையாகத் தெரியும். மருமகளுக்கு ஐந்து மாதம் ஆனதும் மகன் பழைய குழாய்களைப் பொறுக்கி எடுத்து, தேய்த்து, பற்றவைத்து, ஒரு தொட்டில் செய்தான். வெள்ளை பெயிண்ட் அடித்து அது காய்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

காந்தத்திடம் இரும்பு வாங்குகிற உருக்காலையில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். எங்கேயோ யாரோ ஆஸ்பத்திரி இயந்திரத்தைப் பிரித்துப் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பி, அதிலிருந்த கதிர்ச் சாமான் உலைக்குள் போய்ப் பெரிய வம்பாகிவிட்டதாம். இனிமேல் சரக்கு அனுப்புகிறவர்கள் அவரவர் இடத்திலேயே கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்த்துத்தான் லாரி ஏற்ற வேண்டும். கேட்டில் ஆலைக்காரர்களும் பார்ப்பார்கள். அங்கே மணி அடித்தால் லாரி திரும்பி வரும், கடையின் பேரும் கெடும். மகன் நகரத்துக்குப் போய் ஒரு கைகர் கருவி வாங்கி வந்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. முகப்பில் எண் தெரியும், கதிர் ஒவ்வொன்றும் உள்ளே நுழையும்போது டிக் என்று சத்தம் போடும்.

மேஜை மேல் வைத்து அதை முடுக்கினான். சுற்றி ஒன்றுமில்லை. டிக் என்றது. கொஞ்சம் விட்டு, டிக் டிக். எண் புள்ளி பன்னிரண்டில் நின்றது. காந்தத்துக்கு முகம் மாறிவிட்டது. மேஜையை நகர்த்தச் சொன்னார். பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தெருவில் நின்று பார்த்தார். எங்கே போனாலும் அது டிக் என்றது. எதுவுமே இல்லாத இடத்தில் கத்துகிற கருவி என்ன கருவி, உன்னை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று மகனைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஆலையின் கேட்டில் சோதனை போடுகிற ஆள் வந்தார். கடையில் எல்லோரும் அவரை வாசல் சார் என்பார்கள். இதற்கென்றே படித்தவர், ஆனால் தேநீர் கொடுத்தால் நின்றுகொண்டே குடிக்கிற ரகம். பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சைபர் எந்த எடத்துலயும் வராது அண்ணே. மண்ணுல கொஞ்சம் இருக்கு, செங்கல்லுல இருக்கு, வானத்துலேர்ந்து வருது. நம்ம உடம்புக்குள்ளயே துளி இருக்கு. எல்லாம் சேர்ந்துதான் இந்தப் புள்ளி பன்னெண்டு. இது இருக்க வேண்டிய அளவு. ஒரு எடத்துல புள்ளி பத்து வரும், கருங்கல் கட்டடம்னா புள்ளி இருபத்தஞ்சுகூட வரும். ரெண்டும் சரிதான்."

அப்புறம் பழக்கிக் கொடுத்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது, ஒரு நிமிடமாவது அசையாமல் பிடிக்க வேண்டும். எண் குதிக்கும், இறங்கும், அதன் நடுவாந்திரம்தான் கணக்கு. மணிக்கு இத்தனை மைக்ரோ சீவர்ட் என்று அது சொல்வது அந்த இடத்தில் ஒரு மணி நேரம் முழுக்க நின்றால் உடம்பு வாங்குகிற அளவு. ஆகவே எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு நேரம் என்றும் எவ்வளவு தூரம் என்றும் பார்க்க வேண்டும். வழக்கமான அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வந்து, இறங்காமல் நின்றால் கையால் தொடாமல் விலகி, தனக்குப் போன் செய்ய வேண்டும். நான் மீட்டர் பார்த்தே வயதானவன், எனக்கு உடனே பிடிபட்டது. மகனுக்கும் பிடிபட்டது. காந்தம் மட்டும், ஒட்டும் ஒட்டாது என்று சொல்லாத கருவியை எப்படி நம்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே கோடை மழை கொட்டியது. மழை விட்ட கையோடு முற்றத்தில் பிடித்தால் புள்ளி இருபது. காந்தம் பதறிப்போய் வாசல் சாருக்குப் போன் போட்டார். காற்றில் இருப்பதை மழை கீழே இறக்கும், கொஞ்ச நேரத்தில் தானாகக் குறையும் என்று பதில் வந்தது. குறைந்தது. நாலு பேர் சிரித்தோம். அதோடு இனி எதற்கெடுத்தாலும் அந்த ஆளைக் கூப்பிடக் கூடாது என்று காந்தம் ரோஷப்பட்டுக்கொண்டார். அந்த ரோஷம் பின்னால் எவ்வளவு பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இதற்கிடையில் அக்கா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கொஞ்ச காலமாகவே அவர் ஆள் சரியில்லை. சாப்பிட்டும் இளைத்தார். கரண்டி பிடித்த கை நடுங்கும். நல்ல குளிரிலும் வேர்க்கும். வயசாகிறது, வேறென்ன என்று காந்தம் சொல்லிவிட்டார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. தங்கை வீட்டில் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கேட்டுப் போனவரை, ஆட்களுக்குச் சாப்பாடு இல்லை என்று காந்தம் இரண்டாம் நாளே போன் போட்டுத் திரும்ப வரவழைத்தார்.

வந்தவர் வேறு ஆளாக வந்தார். மருமகளை அடுப்படிக்குள் விடவில்லை. தன் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டார். பின்கட்டு அறையில் தனியாகப் படுத்தார். அந்தப் பெண் பக்கத்தில் வந்தால் ஏதாவது வேலை சொல்லி அப்பால் அனுப்பினார். முன்பெல்லாம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தவர். மருமகளுக்கு முதல் கரு தங்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியிலேயே வலி கண்டு கலைந்துவிட்டது. இந்த முறை பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இங்கேயேதான் இருக்கிறாள். ஒரு நாள் நான் கை கழுவப் போனபோது குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"போன தடவை தங்கலைல்ல சித்தப்பா. அதான் அத்தைக்கு என்னைப் பார்க்கவே புடிக்கல."

அக்கா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொன்னேன். சொன்னேனே தவிர, கண்ணால் பார்த்ததை வைத்து எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பெட்டியை மகன் கடையில்தான் வைத்திருப்பான். ஒரு சாயங்காலம் அதற்குச் சார்ஜ் போட வீட்டுக்குள் கொண்டுபோய், அடுப்படியை ஒட்டிய அலமாரியில், அணைக்காமலே வைத்திருக்கிறான். அது சோளம் பொரிகிற மாதிரி விடாமல் கத்தியது. எண் ஆறு. புள்ளி ஆறு இல்லை, முழு ஆறு. வழக்கத்தைப் போல ஐம்பது மடங்கு. என்னைக் கூப்பிட ஓடி வந்தான். நான் போய் ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தேன். இறங்கவில்லை.

அக்கா அடுப்பில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். மருமகள் வாசற்படியில். காந்தம் முதலில் செய்த காரியம் கதவைச் சாத்தியது. கடையிலிருந்து ஏதோ சாமான் வீட்டுக்குள் வந்திருக்கிறது, அதில்தான் கதிர் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வீட்டுச் சாமான்களின் பூர்வீகம் எல்லோருக்கும் தெரியும். வாசல் சாருக்குச் சொல்லிவிடுவோம் என்றேன். மறுபடியும் அந்த ஆளிடம் போய் நிற்பதா, சொன்னால் நம் லாரி இனி ஆலைக்குள் நுழையாது, கடையை மூட வேண்டியதுதான், நாமே தேடி எடுப்போம் என்றார் காந்தம். நான் மறுபடியும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் பட்டறை, இந்தப் பக்கம் என் வீடு என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தேடல் ஆரம்பித்தது. ஆட்களுக்கு விடுமுறை. முற்றத்தின் கடைசியில் மகன் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டினான். ஒவ்வொரு சாமானாக வெளியே கொண்டுவந்து, பெட்டியைக் காட்டி, சுத்தமாக இருந்தால் இந்தப் பக்கம், கத்தினால் குழி. காந்தத்துக்குத் தெரிந்த ஒரே வித்தை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகரக் குவியலிலிருந்து அனல் அடித்தது. முதலில் கப்பல் கடிகாரம். அதன் முகத்தில் பூசிய பச்சை நிஜமாகவே கொஞ்சம் கத்தியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று குழியில் இறக்கினோம். உள்ளே போய்ப் பிடித்தால் மறுபடியும் ஐந்து, ஆறு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை, வேடிக்கை என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. சாமான்களை உள்ளேயிருந்து எடுத்துத் தந்துகொண்டிருந்தவர் அக்கா. மருமகள் எதையும் தொடக் கூடாது என்று அவளைத் தெருவாசலில் உட்காரவைத்துவிட்டு, தானே அலமாரியின் இழுப்பறையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வருவார். மகன் பெட்டியைக் காட்டுவான். முப்பது, முப்பத்தைந்து என்று எகிறும். குழி. அடுத்தது அரிசி டப்பா. நாற்பது. குழி. அதே அலமாரியின் இன்னொரு இழுப்பறையை நானும் மகனும் தூக்கி வந்தோம், புள்ளி பதிமூன்று. ஒரே அலமாரி, ஒரே இரும்பு, ஒன்று கத்துகிறது, மற்றது சும்மா இருக்கிறது. நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடுப்படியில் பிடித்தால் இப்போது ஒன்றுமில்லை, கூடத்தில் எட்டு. கூடத்துக்கு ஓடினால் கூடம் அடங்கி, பின்கட்டில் ஏறுகிறது. பேய் மாதிரி நடமாடுகிறதே என்றான் மகன். சாமான் நடக்குமா என்று காந்தம் அவனைத் திட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் சாமானைத்தான் தேடத் தெரியும். மனுஷி பக்கம் பெட்டியைத் திருப்ப ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொண்டுவர அவர் குழாயடிக்குப் போனார், பெட்டி அடங்கியது. சொம்போடு திரும்பி வந்தார், கத்தியது. நடுவழியில் நின்றுவிட்டார். இரண்டு எட்டு பின்னால் போனார், சத்தம் குறைந்தது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு எங்கள் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். வெயிலில் அவருக்கு மயக்கமாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் பாதி வீடு குழியில் இருந்தது. அப்போதுதான் காந்தத்தின் கண் தொட்டில் மேல் விழுந்தது. எந்தக் குழாயை எங்கிருந்து பொறுக்கினாய் என்று மகனைக் கேட்டார். அவனுக்கு எப்படி நினைவிருக்கும். தொட்டில் பின்கட்டு அறையில் இருந்தது, அக்கா அதன் பக்கத்தில்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் காட்டினால் இருபத்தைந்து. காந்தம் தொட்டிலை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். சத்தம் கேட்டு மருமகள் வந்துவிட்டாள். மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மட்டும் விட்டுடுங்க மாமா. கழுவி வச்சுக்கலாம். இதையும் குழியில போடாதீங்க."

காந்தம் விடவில்லை. இதில் படுக்கவைத்துப் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்றார். அந்தச் சொல் விழுந்ததும் அவள் கை தளர்ந்துவிட்டது. குழிவரை இழுத்துக்கொண்டு போனார். வெள்ளைப் பெயிண்ட் கல்லில் உரசி உரிந்தது. குழியின் விளிம்பில் அவர் அதைத் தூக்கியபோதுதான் பின்னாலிருந்து அக்கா பேசினார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் பேசினார்.

"போடாதீங்க. தொட்டில்ல ஒண்ணுமில்ல. எல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. அக்கா மகனிடம் பெட்டியைத் தன் கழுத்துப் பக்கம் காட்டச் சொன்னார். அவன் நீட்டினான். டிக் டிக் என்று தனித்தனியாகக் கேட்காமல் ஒரே இரைச்சலாக வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு அவன் கையைத் தொங்கவிட்டான்.

பிறகு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். கழுத்துச் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது, அதனால்தான் நடுக்கமும் இளைப்பும். தங்கை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கதிர் அடைத்த மாத்திரை. அது சுரப்பிக்குள் போய் உட்கார்ந்து அதைச் சுருக்கும், கொஞ்ச நாளைக்கு உடம்பிலிருந்து கதிர் வரும், தானாகக் குறைந்துவிடும், அதுவரை குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் விலகி இருக்க வேண்டும் என்றார்கள். தங்கை வீட்டிலேயே அந்த நாட்களைக் கழித்துவிடலாம் என்றுதான் போனார். காந்தம் வரச் சொன்னார், வந்தார். இந்தப் பெட்டிக்குத் தன்னைத் தெரியும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா," என்றான் மகன். "வயித்துல புள்ளையோட ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சும் நீ எப்படி இங்க..."

"எப்படிடா சொல்லுவேன். அந்த மாத்திரை குடுக்கற எடம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கு. சொன்னா, அந்த நோய்தான்னு பயந்து மருமகள உடனே அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அவ வண்டியில ஏறக் கூடாது. அதான் நானே ஒதுங்கி ஒதுங்கி இருந்தேன்."

மருமகள் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பயந்து அழவில்லை என்று எனக்குப் பட்டது. அத்தை பக்கம் எழுந்து போகப் பார்த்தாள், அங்கேயே இரு என்று அக்கா கை காட்டினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது காந்தத்தை. தொட்டிலைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். முப்பது வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர். மெதுவாக, காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாதவர் போல, குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவரைக் கேட்காமலே நான் வாசல் சாருக்குப் போன் செய்தேன். அவர் வந்து, வேறொரு பெரிய கருவியால் அளந்தார். அக்காவிடம் மாத்திரை சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சும்மா என்று கேட்டார். மருமகளிடம் அத்தையிடமிருந்து எவ்வளவு தூரத்தில் எத்தனை மணி நேரம் இருந்திருப்பாய் என்று பொறுமையாகக் கேட்டுக் கணக்குப் போட்டார். அக்கா விலகி விலகிப் போனதால் அந்தப் பெண் வாங்கியது மிகக் கொஞ்சம்தான். ஒரு மாதம் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால் மண்ணும் வானமும் கொடுக்கிற அளவு இருக்கும், குழந்தைக்கு அதனால் ஆபத்து வராது, இருந்தாலும் மனசு ஆற டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார். டாக்டரும் அதையே சொன்னார். கடிகாரத்தைத் தவிரக் குழியில் கிடந்த எதிலும் ஒன்றுமில்லை. அதையும் உடைக்காமல் ஒப்படையுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார். லாரியை நிறுத்துவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

அக்கா அன்றே முற்றத்தின் வாசல் பக்கம் இருந்த எடைக் கொட்டகைக்குக் கட்டிலைக் கொண்டுபோகச் சொன்னார். ஆஸ்பத்திரி சொன்ன கெடு முடியும்வரை அங்கேதான் இருப்பேன் என்றார். ஆட்களுக்குச் சமைக்க ஒரு அம்மாள் வந்தாள், உப்பு எப்போதும் ஒரு கை தூக்கல். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் முற்றம் முழுக்க இரும்பு. மருமகள் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வாள், அக்கா கொட்டகை வாசலில். இரண்டு பேரும் தகரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. என்ன சாப்பிட்டாய், எத்தனை தடவை வாந்தி, கால் வீங்கியிருக்கிறதா, எல்லாம் தெருவுக்கே கேட்கும். முதல் கரு கலைந்த அன்று வண்டியில் என்ன நடந்தது என்பதையும் அப்படித்தான் ஒரு நாள் கத்திச் சொன்னாள். ஆட்கள் தகரம் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"எனக்குத் தெரியாம போச்சேடி கண்ணு," என்று அக்கா இந்தப் பக்கத்திலிருந்து சொன்னார். "உன் மேல தப்பில்ல. கேக்குதா? உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

கேட்குது அத்தை என்று பதில் வந்தது. நான் பட்டறைக்குள் போய்க் கம்பி சுற்ற உட்கார்ந்தேன், சுற்று எண்ணிக்கை தவறிப்போனது.

கெடு முடிந்ததும் மாத்திரை கொடுத்த டாக்டர் போனிலேயே, இனி வழக்கம் போல வீட்டுக்குள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். மருமகள் அந்த நிமிடமே முற்றத்தைக் கடந்து வந்து கட்டிலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள். மகன் கொஞ்சம் தயங்கி, அப்புறம் வந்து, கொட்டகைச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தான். காந்தம்தான் தடுத்தார். பெட்டியைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார், புள்ளி தொண்ணூறு. இன்னும் குறையட்டும் என்றார். டாக்டர் சொல்லிவிட்டாரே என்றான் மகன். டாக்டரா இந்த வீட்டில் குடியிருக்கிறார் என்றார். அக்கா கட்டின மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு தினம் காலையில் பல் விளக்கிய கையோடு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வருவார். கட்டிலுக்கு இத்தனை தூரத்தில் என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டில் நின்று, கையை நீட்டி, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்து, எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அசையாமல் பிடிக்க மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டார். வாசல் சார் ஒரு முறை லாரி விஷயமாக வந்தபோது நான் பேச்சைக் கிளப்பினேன். அவர் காந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டு, சைபருக்குக் காத்திருந்தால் ஆயுசு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எடுத்துச் சொன்னார். காந்தம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் பெட்டியோடு கோட்டில் நின்றார். மருமகள் இதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அந்தக் கோட்டின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டி விளக்குமாற்றால் தேய்த்துவிட்டாள். அவர் புதிதாகப் போட்டார்.

புள்ளி அறுபது, புள்ளி நாற்பது, புள்ளி முப்பது என்று இறங்கிக்கொண்டே வந்தது. அக்காவின் கை நடுக்கம் நின்றிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. எப்போது உள்ளே போகப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், இங்கே காற்று நன்றாக வருகிறது தம்பி என்பார். அந்தக் கொட்டகையில் காற்று வராது என்பது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும்.

ஒரு காலை நான் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். காந்தம் கோட்டில் நின்றார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தார்.

"புள்ளி பதினாலு. வீட்டுக்குள்ளயும் அதே பதினாலுதான், இப்பதான் பாத்துட்டு வரேன். எல்லாம் சரியாயிடுச்சு. வா, உள்ள போலாம்."

அக்கா மருமகளோடு உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"வரேங்க. அந்தப் பெட்டிய கீழ வச்சுட்டு, வந்து கூப்பிடுங்க."

அதில் என்ன இருக்கிறது என்பது போல அவர் குனிந்து பெட்டியை எடை மேடையின் ஓரத்தில் வைத்தார். கையை எடுக்கும் முன்னால் அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். ஒரு கண்வெட்டுதான். நான் பார்த்தேன், மருமகள் பார்த்தாள். அக்காவும் பார்த்தார்.

"நீங்க போங்க," என்றார் அக்கா. "நான் நாளைக்கு வரேன்."

முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். காந்தம் திரும்பி நடந்தார். இரும்புக் குவியல்வரை போனவர் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், எடை மேடையில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.